ஊதுபத்தி ஏற்றிய பை மேக்கர்

எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட நுழையாது. சாரல் சீசனில் மாமியார் குற்றாலத்துக்குக் குளிக்கப் போன காலையில், மேலகரத்தில் கோழிக்கறி வாங்கி வந்து, நாத்தனார் தந்த, 'பை' என்கிற வெளிநாட்டுப் பண்டம் சுடும் மின்சார பை மேக்கரில் மாவுக்குள் பொதிந்து சுட்டுத் தின்றேன். சோப்புத் தண்ணீர் தொட்டு மூன்று தடவை துடைத்தேன். வாடை போக ஊதுபத்தியும் கொளுத்தினேன்.

ஈரத்தலையோடு திரும்பிய மாமியார், "மிஷின் சும்மாதான கெடக்கு, இன்னைக்கு வெள்ளிக்கிழமல்லா" என்று தேங்காய்ப் பூரணம் கிண்டி, மாவில் பொதிந்து அதன் நாலு குழியிலேயும் வைத்து மூடினார். நாலும் பொன்னிறமாக வெந்தன. பிள்ளையார் முன் படைத்து, கண்மூடி நின்றார்.

முதல் துண்டை என் கையில்தான் வைத்தார். "வீடு பூரா ஊதுபத்தி மணக்கு. எனக்கு முன்னாலயே சாமி கும்பிட்டுட்டியா? நல்ல பிள்ளட்டி நீ."