வெர்னா வராத காலை

கோரம்பின் என்ற சிற்றூரில் ஐம்பதைத் தாண்டிய பெண் எவளும் ரேலீன் ஹட்சனிடமிருந்து தப்பியதில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனை வண்டி வந்து கால்பந்து மைதானத்து ஓரத்தில் நிற்கும். அதற்கு மூன்று வாரம் முன்பே ரேலீன் தொலைபேசியும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். கோதுமை அறுப்பு, முதுகுவலி, எந்தச் சாக்கும் அவளிடம் செல்லாது.

"பத்து நிமிஷம், ஓசியில பாக்குறாங்க. வலிக்கவே வலிக்காதுடி!"

பன்னிரண்டு வருஷமாக ஊரையே வண்டியில் ஏற்றிவிட்டவள், தான் மட்டும் ஏறவில்லை. கேட்டால், "எங்க வம்சத்துல எல்லாரும் நெஞ்சடைச்சுத்தான் போவாங்க" என்பாள்.

அந்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்தேகால் மணிக்குப் பெயர் கொடுத்திருந்த வெர்னா வரவில்லை. தலைமுடி சுருட்டிக்கொள்ளப் போய்விட்டாள். ஓர் இடம் வீணாவதை ரேலீனால் பொறுக்க முடியவில்லை. வண்டியில் படம் எடுக்கும் பெண், "அப்ப நீங்களே ஏறுங்களேன்" என்றதும் ஏறிவிட்டாள்.

தட்டு அழுத்தியதும், "ஐயோ, வலிக்குதே!" என்று கத்தினாள்.

"வலிக்காதுன்னு நீங்கதான் சொல்லி அனுப்பினீங்களாமே?"

பத்தாம் நாள் மறுபடி படமெடுக்கக் கூப்பிட்டார்கள். "மிஷின் கோளாறா இருக்கும்" என்று கணவர் நெவிலிடம் சொல்லிவிட்டு நகரத்துக்குப் போனாள். கோளாறு மிஷினில் இல்லை. பட்டாணி அளவு கட்டி. கைக்குத் தட்டுப்படாத ஆழத்தில் இருந்தது. ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய்தான்.

"ஆரம்பத்துலயே மாட்டிக்கிச்சு. இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா வேற பேச்சு பேசிட்டிருப்போம்" என்றார் மருத்துவர்.

முடிவு கேட்கக் கூட வந்திருந்த நெவில், காரில் ஏறியும் சாவியைத் திருப்பவில்லை.

"ஊரையெல்லாம் கூப்பிட்டேன் நெவ். என்னைத்தான் யாரும் கூப்பிடல" என்றாள் அவள்.

"நான் கூப்பிட்டிருக்கணும்" என்றார் நெவில்.

மார்பை எடுக்கவில்லை, கட்டியை மட்டும் எடுத்தார்கள். அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவியிருக்கவில்லை. நகரத்தில் விடுதி எடுத்துத் தங்கி மூன்று வாரம் கதிர்வீச்சு. அவள் அங்கே தோல் கன்றிக் களைத்துக் கிடக்க, ஊர் தன் அனுதாபத்தையெல்லாம் லசான்யாவாக, கறியும் பாலாடைக்கட்டியும் அடுக்கிய தட்டுத் தட்டாகச் சமைத்து வீட்டுக்கு அனுப்பியது. வீட்டில் தனியாக இருந்த நெவில் நான்கு கிலோ கூடினார்.

பந்து உருட்டும் கிளப்பில் வெர்னாவுக்குப் புதுப் பெருமை. "நான் மட்டும் அன்னிக்கி போயிருந்தா ரேலீன் இன்னிக்கி இருந்திருப்பாளா? நான்தானே காப்பாத்தினேன்!"

ரேலீன் காதுக்கு அது எட்டியது. காயம் ஆறியதும் நேரே வெர்னா வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள். "என்னைக் காப்பாத்தின புண்ணியவதியே, ஏறு. உன்னைக் காப்பாத்த யாருடி இருக்கா?"

நகரத்துக்கு இரண்டு மணி நேரம் ஓட்டிப் போய்ப் பரிசோதனை முடித்தார்கள். வெர்னாவுக்கு ஒன்றுமில்லை. "ஒண்ணுமே இல்லாததுக்கா ஒரு நாள் வீணாச்சு!" என்று அவள் மாதக்கணக்கில் குறைபட்டுக்கொண்டாள்.

நோய் திரும்பாமலிருக்க ஐந்து வருஷம் ரேலீன் மாத்திரை விழுங்கினாள். மூட்டெல்லாம் வலித்தது, திடீர் திடீரென்று வேர்த்தது. கடைசியில் மருத்துவர், "இனிமே மாத்திரை வேண்டாம். வருஷத்துக்கு ஒரு படம் போதும்" என்றார்.

திரும்பும் வழியில் நெவில், "நாளைக்கு ஆட்டுக்கு மயிர் கத்தரிக்க ஆளுங்க வர்றாங்க" என்றார்.

"சொல்றதுக்கு உனக்கு வேற விஷயமே கிடைக்கலையா?" என்று எரிந்து விழுந்தாள் ரேலீன். வீட்டுக்குப் பிரியும் சாலையை அவர் கவனிக்காமல் தாண்டிப் பத்து கிலோமீட்டர் போன பிறகுதான், அவர் புறங்கையால் கண்ணைத் துடைப்பதை அவள் பார்த்தாள்.