உண்டியலில் போன பில்

மலை ரோட்டில் நாலாவது வளைவைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். மேலே மண் சரிந்து கிடக்கிறது என்று பஸ்ஸைப் பாதியிலேயே திருப்பிவிட்டார்கள். கூட வந்தவர்கள் அதே பஸ்ஸில் பழனிக்குத் திரும்பிப் போனார்கள். எனக்குத் திரும்பிப் போக அங்கே இடமில்லை. ஏழு மாதம் வேலை பார்த்த கடையிலிருந்து அன்று காலையில்தான் வெளியே வந்திருந்தேன். தோளில் துணிப்பை, கையில் ஒரு அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் மூச்சுத் திணறுகிறவர்களுக்கு மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கிற மிஷின். தூறல் படாமல் இருக்க என் லுங்கியை அதன்மேல் சுற்றியிருந்தேன்.

ஒரு காப்பித் தோட்டத்துக்குப் போக வேண்டும். யாரும் என்னை அங்கே கூப்பிடவில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆயக்குடியில் கொய்யாக் கூடை ஏற்றினேன். பூண்டியில் பூண்டு பிடுங்கினேன். கொடைக்கானலில் சீசனுக்கு லாட்ஜ் ரூம்களைத் துடைத்தேன். எந்த வேலையும் எனக்கு ஒரு வருஷம் தாங்கியதில்லை. பிடிக்காவிட்டால் கிளம்பிவிடுவேன். பழனியில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருத்துவ சாமான் கடையில்தான் ஏழு மாதம் இருந்தேன். சக்கர நாற்காலி, முட்டிப் பட்டை, பிரஷர் பார்க்கிற மிஷின் எல்லாம் விற்கிற கடை. கடைக்கு மேலே பலகை அடித்த பரண் ஒன்று இருந்தது. மழை ஒழுகாமல் கால் நீட்டிப் படுக்கிற இடம். அதற்காகத்தான் இருந்தேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு விதி இருந்தது. விற்ற சாமான் திரும்பி வந்தால் அதை விற்றவன் சம்பளத்தில் பிடிப்பார். பில்லின் அடியிலும் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்து வைத்திருந்தார்.

ஐப்பசி தொடக்கத்தில் அந்தப் புருஷனும் மனைவியும் வந்தார்கள். இருவருக்கும் அறுபது வயதுக்குப் பக்கம். சின்னப் பிள்ளைகளாக சிலோனிலிருந்து பெற்றவர்களோடு வந்து, அன்றிலிருந்து மலையில் காப்பித் தோட்டத்திலேயே இருக்கிறவர்கள். அந்த அம்மா இரண்டு படி ஏறியதற்கே ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பெரியாஸ்பத்திரி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அவர் நீட்டினார்.

"பனிக்காலம் வந்துட்டா இவளுக்கு இழுத்துக்கிடுது தம்பி. இந்த மிஷின் இருந்தா மலையில இருக்கலாமாம். இல்லாட்டி கீழ மக வீட்டுக்கு அனுப்பிருங்கன்னுட்டாரு டாக்டரு."

"மக எங்கய்யா இருக்கு?"

"திருப்பூருல. ஒத்த ரூமு. அதுல இவ போயி எங்க படுப்பா? நான் மலையில எங்க படுப்பேன்?"

அந்த அம்மா சிரித்தாள். "பொண்டாட்டி இல்லாட்டி இந்த மனுசனுக்குத் தேத்தண்ணி கூடப் போடத் தெரியாது தம்பி. அதுக்குத்தான் இம்புட்டுக் கவலை." பிறகு மிஷினைத் தொட்டுப் பார்த்து, "சத்தம் போடுமா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் போடும்மா."

"போடட்டும். வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு கொறட்டை விட்டுக்கிட்டுத்தான் கெடக்கு. ரெண்டும் பேசிக்கிடட்டும்."

நான்தான் பில் எழுதினேன். கார்பன் நகல் புத்தகத்தில் தோட்டத்துப் பெயரையும் எழுதிக்கொண்டேன். மேல் தாளைக் கிழித்துக் கொடுக்கும்போது, "இதைப் பத்திரமா வைங்கம்மா. என்ன ஆனாலும் இது இருந்தாத்தான் மாத்த முடியும்" என்றேன். அவள் அதை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டாள்.

பதினைந்து நாள் கழித்து அவர் மட்டும் வந்தார். மிஷினைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். முதலாளி கல்லாவில் இருந்தார். நான் அலமாரிப் பக்கம் நின்றேன்.

"பத்து நாள் நல்லா ஓடுச்சுங்க. அப்புறம் சத்தம் மட்டும் வருது, புகை வரல. மாத்திக் குடுங்க."

"பில்லு?"

"பத்திரமான எடத்துலதாங்க இருக்கு."

"எங்க?"

"மலைக்கோயில் உண்டியல்ல."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை, கூச்சப்படவும் இல்லை. நடந்ததைச் சொன்னார். மனைவிக்கு மூச்சு முட்டிய அன்று மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து முருகனுக்கு நேர்ந்திருந்தார்கள். மிஷின் வாங்கிய கையோடு விஞ்ச் வண்டியில் மலைக்கோயிலுக்குப் போய், அந்த முடிப்பைப் பிரித்துக் காசோடு பில்லையும் வைத்துக் கட்டி உண்டியலில் போட்டுவிட்டாள். கல்யாணப் பத்திரிகை போடுகிறார்கள், பிள்ளைகளின் பரீட்சை நம்பரை எழுதிப் போடுகிறார்கள், அதுபோலத்தான். "பத்திரமா வைக்கச் சொன்னாங்கள்ல, அதவிடப் பத்திரமான எடம் எதுன்னுட்டா அவ."

"அப்ப முருகன்தான் மாத்திக் குடுக்கணும். மேல போயிக் கேளுங்க" என்றார் முதலாளி.

"வித்த தம்பி இங்கதாங்க நிக்குது. கேளுங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏலே, நீயா வித்தே?"

அந்தப் பெரியவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லப்போவதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மிஷினை நாங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோதாக ஏற்கெனவே கம்பளியைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்.

"ஞாபகமில்லீங்க மொதலாளி. நெறயப் பேரு வர்றாங்க" என்றேன்.

"நகலைப் பாரு."

நகல் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். என் கையெழுத்தும் தோட்டத்துப் பெயரும் இருந்த பக்கம் வந்தது. அதைத் தாண்டி அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். "காணோங்க" என்றேன்.

அவர் கம்பளியை மறுபடி சுற்றினார். அதற்கு வெகுநேரம் ஆனது. "மிஷினு இல்லேன்னா அவள அனுப்பணும் தம்பி" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த வாரமும் வந்தார். இந்த முறை கோயில் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வந்திருந்தார். உண்டியல் திறந்து எண்ணும்போது காகிதமெல்லாம் குப்பையோடு போய்விடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதை முதலாளியிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை. முதலாளி, "கம்பெனிக்கு எழுதிப் பாருங்க" என்றார். எழுதத் தெரியாது என்று அவர் சொல்லவில்லை. சரிங்க என்று போய்விட்டார்.

பக்கத்தில் குடை, டார்ச் லைட் விற்கிற பாய் ஒருவர் இருந்தார். ஒரு முறை கெட்டுப்போன டார்ச்சை மாற்றித் தர மாட்டேன் என்று சொல்லி நுகர்வோர் கோர்ட்டு வரை போய்த் தோற்றவர். அன்று என்னை டீ குடிக்கக் கூப்பிட்டார்.

"அந்த மலைக்காரருக்கு நீதான வித்தே? நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

நான் டீயை ஊதினேன்.

"பில்லு தொலஞ்சா வாங்குனவன் உரிமை தொலஞ்சிருமாடா? பெட்டி மேல நம்பர் இருக்கு. உங்க புக்குல நகல் இருக்கு. வித்தவன் வாயத் தொறந்து ஆமான்னா அதுவே சாட்சி. திரும்ப வாங்க மாட்டோம்னு பில்லுல அச்சடிச்சிருக்கீங்களே, ஓட்டைச் சாமானைக் குடுத்துட்டு அதைக் காட்டித் தப்பிக்க முடியாது. எனக்கு ஜட்ஜே சொன்னாரு. நான் காசு குடுத்துப் படிச்ச பாடம்டா. உனக்கு ஓசியில சொல்றேன்."

"சம்பளத்துல பிடிப்பாங்க பாய்."

"பிடிக்கட்டும். உனக்கு மூச்சு வருதுல்ல?"

அதற்குப் பிறகும் நான் மூன்று வாரம் சொல்லவில்லை. தீபாவளி வந்தது, போனது. பரணில் படுத்தால் தூக்கம் நன்றாகவே வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் காலையில் கடையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது முதலாளியிடம் போய்ச் சொன்னேன். ஏன் அன்றைக்குச் சொன்னேன் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

அவர் கத்தவில்லை. நகல் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அலமாரியிலிருந்து புது மிஷின் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். "இது உன் சம்பளத்துக்கு. கொண்டுபோய்க் குடு. அப்பிடியே போயிரு. எங்கிட்டயே பொய் சொன்னவன் இங்க வேணாம்." அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். அவர்கள் அதை லயம் என்பார்கள். மூன்றாவது வீட்டில் அவர் அடுப்பு பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈர விறகு. வீடு முழுக்கப் புகை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

பெட்டியைக் கீழே வைத்தேன். "நான்தான் வித்தேன்யா. அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். இது புதுசு. அம்மா எங்க?"

"போயிட்டா."

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாகல. திருப்பூருக்கு" என்றார்.

இரண்டாவது முறை மாற்றக் கேட்டுக் கடைக்கு வந்து போன நாலாம் நாள் விடியற்காலையில் அவளுக்கு மூச்சு நின்று போகிற மாதிரி ஆகிவிட்டது. தோட்டத்து ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மகள் வந்து அங்கிருந்தே அம்மாவை அழைத்துப் போய்விட்டாள். மாற்றுச் சேலையைக் கூட இவர்தான் பின்னால் பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பிரித்தார். மிஷினைச் சுவரிலிருந்த பிளக்கில் மாட்டினார். கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு சுவிட்சைப் போட்டார். சத்தம் வந்தது. மூக்கில் வைக்கிற மூடியிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. அவர் அதை நிறுத்தவில்லை. ஒரு ஆள் மருந்து இழுத்து முடிக்கிற நேரம் முழுக்க மூடியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தண்ணீர் தீர்ந்து புகை நின்ற பிறகுதான் அணைத்தார்.

"நல்லா ஓடுது" என்றார். பிறகு, "பில்லு இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லய்யா."

"நாளைக்கு இது கெட்டுப்போனா யாரு வித்ததுன்னு கேப்பாங்களே. ஒங்களுக்கு ஞாபகம் இருக்குமா?"

அவர் செல்லை எடுத்து மகளுக்குப் போட்டார். சத்தமாக வைத்துப் பேசுகிற பழக்கம் அவருக்கு. புது மிஷின் வந்திருக்கிறது, அம்மாவை அனுப்பு என்றார்.

"அந்த மிஷினை நம்பித்தானப்பா விட்டிருந்தோம்" என்றாள் மகள். "ஜீப்பு இல்லேன்னா அன்னைக்கு என்ன ஆயிருக்கும்? இனி நான் அனுப்ப மாட்டேன். நீங்க வாங்க."

"நான் வந்தா வீடு?"

மகள் செல்லை அம்மாவிடம் கொடுத்தாள்.

"யாரு கொண்டாந்தா?" என்றாள் அந்த அம்மா. குரலில் இரைப்பு இல்லை. அவள் அவ்வளவு தெளிவாகப் பேசி அப்போதுதான் கேட்டேன்.

"கடைத் தம்பி."

"அதுக்கு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாமா?"

இவர் ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினார்.

"சரி, சோறு போட்டு அனுப்பு. பானையில அடி பிடிக்காமப் பாத்துக்க." பிறகு சொன்னாள், "இங்க மூச்சு நல்லாத்தான் வருது. பனியே இல்ல. அதான் இவளும் விட மாட்டேங்குறா."

"நல்லதுதான" என்றார் அவர். வைத்துவிட்டு அடுப்பில் உலையேற்றினார்.

சோறு அடி பிடித்துத்தான் இருந்தது. தின்றோம். அப்போதுதான் வீட்டு விஷயத்தையும் சொன்னார். லயத்தில் ஒரு வீடு வேண்டுமானால் இரண்டு பேர் தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும். அவள் போனதிலிருந்து ஒற்றைக் கை. பழம் பறிக்கிற நேரம் முடியட்டும், அப்புறம் காலி பண்ணிக் கொடுங்கள் என்று மேஸ்திரி சொல்லிவிட்டாராம். வீடும் போனால் அவள் திரும்பி வர இடம் என்று ஒன்று இருக்காது. இதையெல்லாம் என்னைக் குற்றம் சொல்கிற மாதிரி அவர் சொல்லவில்லை. மழையைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார். மிஷினைப் பெட்டியில் வைத்து என் துணிப்பைக்குப் பக்கத்தில் தள்ளினார். "பில்லு இல்லாம எதையும் கையில வாங்குறதில்லைன்னு வச்சிருக்கேன். தப்பா நெனக்காதீங்க."

வாசல் பக்கத்தில் ஒரு சாக்கு விரித்துக் கொடுத்தார். படுத்தேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் அவருக்குப் பின்னால் நானும் போனேன். ஆட்களை நிறுத்திப் பிரித்து அனுப்புகிற இடத்துக்கு அவர்கள் பெரட்டு என்பார்கள். பனி இறங்கிக் கிடந்தது. மேஸ்திரி தலையில் மப்ளர் கட்டியிருந்தார். நான் அவரிடம் வேலை கேட்டேன்.

"காப்பி பறிச்சிருக்கியா?"

"இல்லீங்க. பூண்டியில பூண்டு புடுங்கியிருக்கேன்."

"அது குனிஞ்சு செய்யிற சோலி. இது நிமிந்து செய்யணும். பழத்தை மட்டும் பறி, பச்சையத் தொடாத. எங்க தங்குவே?"

மேஸ்திரி அந்தப் பெரியவரைப் பார்த்தார். "ஒங்க வீட்டுலயா? ரெண்டாவது கையா எழுதிக்கட்டுமா?"

பெரியவர் மண்வெட்டியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார்.

"எழுதிக்கங்க" என்றார். "அவ வர்ற வரைக்கும்."

பழம் போட இடுப்பில் கட்டுகிற பை ஒன்றை வீட்டிலிருந்து எடுத்துவந்து கொடுத்தார். அந்த அம்மாவுடையது. கயிறு என் இடுப்புக்கு எட்டவில்லை. என் துண்டை முடிச்சுப் போட்டு நீட்டிக் கட்டிக்கொண்டேன். மேஸ்திரி காட்டிய வரிசையில் முதல் செடிக்குள் கையை விட்டேன். இலையில் நின்ற தண்ணீர் சட்டைக் கைக்குள் ஓடியது. சிவந்த பழம் எது, பழுக்காதது எது என்று பார்த்துப் பார்த்துப் பறிக்க ஆரம்பித்தேன்.