கல்தொட்டிக்குப் பட்டி பார்த்த கதை

பூங்காவின் கிழக்கு வாசலில் இருந்த பழைய கல்தொட்டியைத் திங்கட்கிழமை உடைக்கப் போவதாக சூப்பர்வைசர் கதம் சொன்னார். அங்கே செல்ஃபி பாயிண்ட் வருகிறது. சுத்தியல் பிடிக்கிற ஆட்களில் நானும் ஒருவன்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். கோவண்டியில் மூட்டை தூக்கினேன், கல்யாணில் கேண்டீனில் தட்டு கழுவினேன். எங்கும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. மாட்டுங்காவின் இந்தப் பூங்காவில் மட்டும் மூன்று வருஷம் நின்றேன். காண்டிராக்ட் வேலைதான், ஆனால் குளிக்கத் தண்ணீர் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வைதேகி மாமி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். அணுசக்தி நகரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பேண்டு மேடை, மூக்குடைந்த சிலை என்று ஒவ்வொன்றின் கதையும் சொல்வார். தொட்டியைக் காப்பாற்ற ஆபீசுக்கு அலைந்ததும் அவர்தான். கல்லில் எழுத்து இருந்தால் விட்டுவிடுகிறோம், இல்லாவிட்டால் உடைப்போம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

அந்த ஞாயிறு கதம் தொட்டியருகே வந்து நின்றார். "கிதர் ஹை மேடம்? திகாவோ நா" என்று எழுத்தைக் காட்டச் சொன்னார்.

மாமி கல்லைத் தடவினார். காவி பெயிண்ட் வழவழவென்று இருந்தது.

"இங்கதான் இருந்துது. கையால தொட்டுப் பாத்திருக்கேன்."

கூட வந்த ஒருவர் பக்கத்து ஆளிடம், "வேற எங்கயோ பாத்துட்டு இங்கன்னு சொல்றா, பாவம்" என்றார். மாமி காதில் விழுந்தது. கையை எடுக்காமல் தடவிக்கொண்டே இருந்தார்.

மாதக் கடைசி. காண்டிராக்ட் புதுப்பிக்கிற சமயம். வாயைத் திறந்தால் வேலை போகலாம்.

"எழுத்து இருக்கு மாமி. நாந்தான் அடைச்சேன்" என்றேன்.

"என்னப்பா சொல்றே?"

"ரெண்டு வருஷம் முந்தி இன்ஸ்பெக்‌ஷன் வந்துச்சுல்லா. பள்ளத்துல பெயிண்ட் தேங்குச்சு. வெள்ளை சிமெண்டு குழைச்சு பட்டி பாத்துட்டேன். விரிசல்னு நெனச்சேன்."

கதம் தலையில் கைவைத்தார். அந்தப் பூச்சைப் பார்த்து "ஏக்தம் சிக்னா", நல்ல வழவழப்பு என்று என் முதுகில் தட்டியவரே அவர்தான். ஷெட்டுக்குப் போய்க் கம்பி பிரஷ் கொண்டுவந்தார்.

"அய்யோ அது வேண்டாம், கல்லே போயிடும்" என்று மாமி கொண்டையிலிருந்து ஊசியை உருவிக் கொடுத்தார். நான் ஈரச்சாக்கை வைத்து ஊறவைத்து நோண்டினேன். மத்தியானம் மூன்று வரி வந்தது. குஜராத்தி. மாட்டுங்காவில் குஜராத்திக்காரர்கள் நடுவே வளர்ந்த மாமிக்கு வாசிக்க வந்தது.

"மோதின்னு ஒரு ஆறு வயசுப் பொண்ணு. அவ நினைவா, வழிப்போறவாளுக்கும் வண்டி மாட்டுக்கும் இந்தத் தண்ணி."

கதம் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பினார். சாயங்காலம் பதில் வந்தது: தொட்டி இருக்கட்டும். என் வேலையும் இருந்தது. பெயிண்ட் டப்பாவை மட்டும் அதற்குப் பிறகு கதம் என் கையில் கொடுக்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பழைய கல்லில் பள்ளம் வரிசையாக ஓடினால் கையை நிறுத்துங்கள், யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள். விரிசல் என்று நினைத்ததாக மாமியிடம் நான் சொன்னது பொய். எழுத்தாக இருக்குமோ என்று பட்டி பார்க்கும்போதே தோன்றியது. கேட்டால் படிக்காதவன் என்று சிரிப்பார்களே என்று பூசிவிட்டேன்.