பந்தயம் கட்ட நல்ல இடம் எது அக்கா?

டாக்டரிடம் மறைப்பதைக்கூட கைப்பேசி பழுது பார்க்கிறவளிடம் யாரும் மறைப்பதில்லை. கடவுச்சொல்லோடு சேர்த்து நீட்டிவிடுகிறார்கள். கோலசிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிர் வரிசையில் பதினோரு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். கண்ணாடி மாற்றுவேன், பேட்டரி மாற்றுவேன், தண்ணீரில் விழுந்ததை உலர வைப்பேன். என் படிப்பு அவ்வளவுதான். ஆனால் என்னைப் போலவே கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் தள்ளுகிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா? கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும், இண்டர்நெட்டில் உள்ளதெல்லாம் இவளுக்குத் தெரியும் என்று ஊர் முடிவு கட்டிவிடும். என் வாயும் சும்மா இருக்காது. கேட்டால் பதில் சொல்வேன், கேட்காவிட்டால் இரண்டு பதில் சொல்வேன். போன கால்பந்து சீசனில் அந்த வாயால் நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாணயம்

ஆனந்தன் செம்பனை எண்ணெய் லோரி ஓட்டுகிறவர். என்னைவிட நாலு வயது இளையவர் என்பதால் தம்பி என்று கூப்பிடுவேன். மனைவி கஸ்தூரிக்கு புக்கிட் பெருந்துங்கில் ஃபேக்டரி வேலை. விடியும் முன்னே ஃபேக்டரி பஸ்ஸில் போய், இருட்டிய பிறகு திரும்புவாள். அங்கேயே ஒரு சின்ன வீடு பார்த்து இருவரும் பேங்க் கடனுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். அடுத்த மாதம் கையெழுத்து. சம்பளம் விழுகிற கணக்கில் அதுவரை ஒரு கோளாறும் வரக்கூடாது, வந்தால் கடன் கிடையாது என்று பேங்க்கில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பிறந்ததிலிருந்து கம்பெனி வீட்டிலேயே இருந்தவர்களுக்குச் சொந்தக் கதவு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான்.

ஒரு சனிக்கிழமை காலை ஆனந்தன் பசியாறிவிட்டு நேராகக் கடைக்கு வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, பந்துக்குப் பந்தயம் கட்ட நம்பிக்கையான சைட் எது என்று மெல்லக் கேட்டார். சும்மா பத்து இருபது வெள்ளிதானாம். இந்த நாட்டில் ஆன்லைனில் பந்துப் பந்தயம் பிடிக்க ஒருத்தருக்கும் லைசன்ஸ் கிடையாது தம்பி, எல்லாமே திருட்டுக் கடைதான் என்றேன். அவர் அசரவில்லை. பொறுமையாகத் தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "அது தெரியும்க்கா. திருட்டுக் கடைதான். அதுல நாணயமான திருட்டுக் கடையா பாத்து சொல்லுங்கன்னுதான் கேக்குறேன்."

பத்தில் பத்தும் முதல்

அடுத்த வாரம் ஒரு பட்டியலோடு வந்தார். மலேசியாவின் நம்பகமான பத்து பந்தயத் தளங்கள் என்று எவனோ எழுதி வைத்திருந்தான். இன்னொரு பட்டியலைத் திறந்து காட்டினேன். இதில் ஏழாவதாக இருந்தது அதில் முதலிடம். மூன்றாவது பட்டியலில் முதலிடம் வேறு. கீழே பாராட்டியிருந்தவர்களோ ஒரே வரியை ஒரே எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார்கள். பட்டியல் போடுகிறவனுக்கு அந்தக் கடைக்காரனே சம்பளம் கொடுக்கிறான் தம்பி, மாப்பிள்ளை தங்கமானவர் என்று மாப்பிள்ளையின் அம்மாவே சொல்வது மாதிரிதான் இது என்றேன்.

ஆனந்தன் பட்டியலை மூடிவிட்டார். புரிந்துவிட்டது என்று நினைத்து நானும் வேலையைப் பார்க்கத் தொடங்கினேன். "எங்கம்மா என்னைப் பத்தி அப்படி சொல்லித்தான்க்கா கட்டி வெச்சாங்க," என்றார். "கஸ்தூரி இன்னும் ரிவியூ போடல."

மேல்மாடியிலிருந்து சட்டம்

என் கடைக்கு மேலே ஒரு வக்கீல் ஆபிஸ். அங்கே ஃபைல் பார்க்கும் கிராணியாக இருப்பவர் தேவதாஸ் சார். மாதம் ஒரு சார்ஜர் ஒயரைக் கடித்துத் துப்பியது போல் ஆக்கிக்கொண்டு வருவார். அன்று அவர் வந்த நேரம் ஆனந்தனும் இருந்தார். அவரையே கேளுங்கள் என்று கைகாட்டிவிட்டேன்.

தேவதாஸ் சாருக்கு ஓசியில் சட்டம் பேசுவதென்றால் கற்கண்டு. பந்தயச் சட்டம் கைப்பேசியைக் கனவிலும் காணாத காலத்தில் எழுதியது, அதற்காக அது செத்துவிடவில்லை என்றார். பந்தயம் பிடிக்கிறவன் மட்டுமல்ல, கட்டுகிறவனும் குற்றவாளிதான் என்றார். ஆனந்தன் விடவில்லை. ஒரு தளத்தின் அடியில் இருந்த முத்திரையைப் பெரிதாக்கிக் காட்டினார். எங்கேயோ ஒரு தீவு அரசாங்கம் கொடுத்த லைசன்ஸாம். தேவதாஸ் சார் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "அந்தத் தீவு லைசன்ஸ் அந்தத் தீவுக்குத்தாம்பா செல்லும். அங்க போய் உக்காந்து கட்டு. பிளேன் டிக்கெட் வெலை கேட்டாலே புத்தி வந்துரும்லா."

ராஜு அண்ணனின் புகார்

ஆனந்தன் மட்டும்தான் அப்படி என்று நினைக்காதீர்கள். சுங்கை ஆயர் தாவாரிலிருந்து தேங்காய் லோடு கொண்டுவரும் ராஜு அண்ணன் ஒரு நாள் புயல் மாதிரி நுழைந்தார். கைப்பேசியில் இருந்த பந்தயத் தளத்தின் பக்கங்களை எல்லாம் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். கலரில் எடுக்கச் சொன்னார், கலரிலும் எடுத்தேன். அப்புறம்தான் எதற்கு என்று கேட்டேன். எண்ணூறு வெள்ளி ஜெயித்தாராம். அவன் கொடுக்காமல் ஆளையே பிளாக் செய்துவிட்டானாம். நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போய் ரிப்போர்ட் கொடுக்கப் போகிறாராம்.

நான் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து வாசலில் மறித்தேன். அண்ணே, இது ரிப்போர்ட் இல்லை, உங்கள் வாக்குமூலம், அதுவும் கலரில் என்றேன். நீங்களே நடந்து போய், நான் சட்டவிரோதமாகப் பந்தயம் கட்டினேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் போகிறீர்களா? அவர் காகிதங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஏமாற்றிய கடைமேல் இருந்த கோபமெல்லாம் என் பக்கம் திரும்பியது. "தோத்தா எம் பணம் போச்சி, ஜெயிச்சா நான் உள்ள போகணும். இதுல எந்தக் கேமுமா நான் வெளையாடுனேன்?"

மூன்றாவது பொட்டலம்

இதையெல்லாம் ஆனந்தனிடம் சொன்னேன். மனம் கொஞ்சம் அசைந்தது. ஆனால் நம் ஆட்கள் மனிதர் சொல்லி முடித்த பிறகு சாமியிடம் ஒரு தடவை கேட்காமல் விடமாட்டார்களே. பட்டியலிலிருந்து பொறுக்கிய இரண்டு சைட்டின் பெயரையும் மனதில் நினைத்து, வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, அம்மன் முன்னால் போட்டு எடுத்துப் பார்த்திருக்கிறார். வெள்ளை வந்ததாம். அம்மாவே உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று சந்தோஷமாக வந்து நின்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு திருடன் பெயரை நீட்டி இதில் ஒருத்தனைக் காட்டு என்றால் அவள்தான் என்ன செய்வாள்? இரண்டுமே வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு பொட்டலம் வைத்தீர்களா என்று கேட்டேன். ஆனந்தன் முகத்தில் பொய் இல்லை. "வெக்கணும்னுதான் நெனச்சேன்க்கா. பூ பத்தல."

சொந்தத் தோட்டத்து ஆள்

அப்புறம் இரண்டு வாரம் அவரைக் காணவில்லை. நல்ல காலம், தெளிந்துவிட்டார் என்று இருந்தேன். ஒரு மத்தியானம் பழுப்புக் கவரோடு வந்து செலோடேப் கேட்டார். பக்கத்துக் கடையில் கூரியர் கவுண்டர் இருப்பதால் அது வழக்கம்தான். டேப்பைக் கிழித்துக்கொண்டே உள்ளே என்ன என்று சும்மா கேட்டேன். ஏடிஎம் கார்டு என்றார். பின் நம்பர் என்றேன். அதுவும் துண்டுச் சீட்டில் எழுதி உள்ளேயே இருக்கிறது என்றார்.

பந்தய ஏஜெண்டு ஒருவன் வாட்ஸ்அப்பில் கிடைத்திருக்கிறான். மற்றவர்கள் கட்டும் பணம் ஆனந்தன் கணக்கில் வந்து போனால் போதுமாம், மாதாமாதம் கமிஷனாம். நான் கத்திய கத்தலில், கண்ணாடி மாற்ற வந்திருந்த ஒரு பொண்ணு பாக்கிப் பணம்கூட வாங்காமல் போய்விட்டது. அது சம்பளக் கணக்கு, அதை முடக்கினால் வீட்டுக் கடன் போய்விடும், கஸ்தூரி பஸ்ஸில் தூங்கி வழிந்ததெல்லாம் வீண், கார்டு கொடுத்த உங்களைத்தான் போலீஸ் முதலில் தேடும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். ஆனந்தன் சிரித்தார். அவன் இவர் பிறந்த தோட்டத்து ஆளாம்.

இதைக் கேட்டதும் என் சத்தம் தானாகக் குறைந்தது. எங்கள் மாதிரி ஆட்கள் பிறந்த தோட்டங்களை விற்றுவிட்டார்கள், லயங்களை இடித்துவிட்டார்கள், ஆட்கள் ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள். இன்றைக்கு எவனாவது வந்து நானும் உங்கள் தோட்டம்தான் என்று சொன்னால் நானே கண்ணாடி விலையில் பத்து வெள்ளி குறைத்துவிடுவேன். அந்த ஏஜெண்டு, தோட்டத்தில் வேலை வாங்கிய மண்டோர் பெயரைச் சொல்கிறானாம், கோயில் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று சொல்கிறானாம், பள்ளிக்கூடத்து மணி ரயில் தண்டவாளத் துண்டு என்பதுகூட அவனுக்குத் தெரியுமாம். இதெல்லாம் பழைய மாணவர்கள் ஃபேஸ்புக்கில் போட்டோவோடு கிடக்கிறதே தம்பி என்று தேடி எடுத்துக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார், தலையாட்டினார். "போட்டோவ பாத்து பேர சொல்லலாம்க்கா. ஆனா அவரு என்ன 'சாப்டியாப்பா'ன்னு கேக்குறாரே, அந்தப் பாசம் எந்த போட்டோல இருக்கு?"

குரல் பதிவு

கவரை எடுத்து என் டிராயரில் போட்டுப் பூட்டினேன். ஃபேஸ்புக்கில் இல்லாத ஒரு சங்கதியைக் கேளுங்கள், சரியாகச் சொன்னால் நானே கூரியர் காசு கட்டுகிறேன் என்றேன். ஆனந்தன் கூரையைப் பார்த்து யோசித்தார். பிறகு கைப்பேசியை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசி அனுப்பினார்: "அண்ணே, நம்ம மூணாவது லயத்துக்குப் பின்னால கெணத்துல ஒரு பையன் விழுந்தானே, ஞாபகம் இருக்காண்ணே? அவன் அப்பறம் என்ன ஆனான்?"

ஐந்து நிமிடம் பதில் இல்லை. அவன் தப்பித் தவறிச் சரியாகச் சொல்லிவிட்டால் ஒரு வீடே போய்விடும், அதற்குக் கூரியர் காசு கட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான். டிங் என்று சத்தம் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். அந்த ஏஜெண்டு பெருமூச்சு விட்டுத்தான் ஆரம்பித்தான்: "அத ஏம்ப்பா ஞாபகப்படுத்துற. அன்னிக்குத் தோட்டமே சோறு திங்கல. நான்தான் அந்தப் பொணத்த தூக்கிட்டு வந்தேன். தங்கமான பையன். சரி, கார்டு போட்டுட்டியா?"

ஆனந்தன் அதை இரண்டாவது தடவையும் போட்டுக் கேட்டார். முகம் சுண்டிவிட்டது. யார் தம்பி அந்தப் பையன் என்று கேட்டேன். "நான்தான்க்கா," என்றார். ஒன்பது வயதில் விழுந்தாராம், கயிறு விட்டுத் தூக்கினார்களாம், கணுக்கால் சுளுக்கியதோடு சரியாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அவர் சிரிக்கவில்லை, அதைப் பார்த்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. இரண்டு வாரமாக வாய் நிறைய அண்ணே அண்ணே என்று கூப்பிட்டிருக்கிறார். பணம் போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றியது. டிராயரைத் திறந்து கவரை அவர் கையில் வைத்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி டீயில் மறுபடியும் டிங் சத்தம். கார்டு எங்கே, கூரியர் நம்பர் எங்கே என்று அவன் அவசரப்படுத்திக் கேட்டிருந்தான். ஆனந்தன் டீயைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மரியாதை கொஞ்சமும் குறையாமல் பதில் பேசி அனுப்பினார்: "அண்ணே, நீங்கதான் என் பொணத்தையே தூக்கிட்டீங்களே, செத்தவன் எப்படிண்ணே கூரியர் போடுவான்?"

வீட்டுக் கடனுக்கும் கையெழுத்தாகிவிட்டது. இத்தனை பட்டியலிலும் பூவிலும் தேடிக் கிடைக்காத நம்பிக்கையான ஆளை ஆனந்தன் ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டார், ஏடிஎம் கார்டு இப்போது கஸ்தூரியின் பர்ஸில் இருக்கிறது.