பூஜையில் வைத்த டிரைவ்

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் சின்ன ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் இணைப்பு போட்டுத் தருவது என் பிழைப்பு. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வேலை முடித்துக் கிளம்பும்போது எல்லா இடத்திலும் ஒரே பாட்டுதான் பாடுவேன்: "ஒயரைப் புடுங்காதீங்க." யார் கேட்டார்கள்?

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில், வீடுகளுக்குப் பிளான் போட்டுத் தரும் ஆபீஸ் ஒன்று. ஒரு இன்ஜினியர் சார், அவருக்குக் கீழே வரைகிறவர்கள் மூன்று பேர். அவர்களில் ரொம்ப வருஷமாக இருப்பவர் ஒரு பெண், கேளம்பாக்கத்துக்காரர். அவருடைய அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையாகிவிட்டார். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. மகளின் சம்பளத்தில்தான் வீடே ஓடுகிறது. வீட்டிலிருந்தே வரைந்து தருகிறேன் என்று அவர் கேட்டிருந்தார்.

சாருக்கு மனசே இல்லை. என்னை வரவழைத்துவிட்டு என் முன்னாலேயே அவரிடம் சொன்னார்: "வீட்ல உக்காந்துக்கிட்டு வேலை பாக்கறியா, சீரியல் பாக்கறியான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? ஆயுத பூஜை வரைக்கும் பாப்போம். சரிப்பட்டு வரலைன்னா வேற ஆள்தான்."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத்தான் சுருக்கென்று இருந்தது.

அதுவரை அங்கே எல்லாமே பென் டிரைவ்தான். ஒரே வீட்டின் பிளான் மூன்று பேரிடம் மூன்று விதமாக இருக்கும். ஒன்றில் படிக்கட்டு கிழக்கே, இன்னொன்றில் தெற்கே. நான் ஷேர்டு டிரைவ் போட்டேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க். பிளான் எல்லாம் அதில் இருக்கும், யார் கம்ப்யூட்டரிலிருந்தும் திறக்கலாம். கேளம்பாக்கத்திலிருந்தும் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வர வழி செய்தேன். பெட்டியை அலமாரி மேல் மோடத்துக்குப் பக்கத்தில் வைத்து, "ராத்திரி பகல் இது ஓடணும்" என்று சொல்லி, வழக்கமான பாட்டையும் பாடிவிட்டு வந்தேன். நன்றாகவே ஓடியது.

ஆயுத பூஜை அன்று காலை. வண்டியைக் கழுவி வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணிடமிருந்து போன்.

"அண்ணா, டிரைவ் காணோம்ண்ணா."

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள் என்று ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டப்போகிறார்கள். இரண்டு தூணைத் தள்ளிப் போடச் சொல்லிக் கடைசி நேரத்தில் கேட்டிருக்கிறார்கள். இந்தப் பெண் கிறிஸ்தவர், வீட்டில் பூஜை வேலை கிடையாது, லீவில் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று ஒத்துக்கொண்டிருந்தார்.

"சாருக்குப் போன் பண்ணேன். 'நான்தான் அப்பவே சொன்னேனே, இதெல்லாம் ஒத்து வராது, நாளைக்குப் பேசிக்கலாம்'னு வெச்சிட்டாருண்ணா. நாளைக்கு என்ன பேசுவாருன்னு எனக்குத் தெரியாதா?"

அழுகிறார் என்று புரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே சேலையூரில் சார் வீட்டுக்குப் போய், நெற்றி நிறைய விபூதியோடு இருந்தவரைக் கிளப்பி, வாழைக்கன்று ஆடும் வண்டியில் பின்னால் உட்கார வைத்து ஆபீஸுக்குக் கூட்டி வந்தேன்.

கதவைத் திறந்தார். முந்தின நாள் சாயங்காலமே எல்லாரையும் வைத்துப் பூஜை முடித்திருக்கிறார். சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஒரு பலகை. அதில் ஸ்கேல், கால்குலேட்டர், அளவு டேப். நட்ட நடுவில், சந்தனமும் குங்குமமும் சாமந்திச் சரமுமாக என் பெட்டி! ஒயரைப் பிடுங்கி, சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, அதற்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்.

"இன்னா சார் இது?" என்று கத்தியேவிட்டேன்.

"ஆயுதம்ப்பா. மொத்த ஆபீஸும் இதுக்குள்ளதானே இருக்கு? இத வைக்காம வெறும் கால்குலேட்டரை வைக்கச் சொல்றியா?"

"அப்ப மோடத்த மட்டும் ஏன் விட்டீங்க?"

"அது போன் கம்பெனிக்காரனுது. நம்ம ஆயுதம் இல்ல."

தலையில் அடித்துக்கொள்வதா, சிரிப்பதா? "டிரைவ் ஒண்ணும் கெட்டுப் போகல சார். நீங்க புடுங்கினீங்க. அதுக்கு அவங்க வேலை போகணுமா?"

சாரின் முகம் சுண்டிப்போனது. பெட்டியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பூஜையில் வைத்ததை விஜயதசமி காலையில் மறுபடி தீபம் காட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அதில் அவர் ரொம்பக் கறார். சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் அதைத் தூக்கக் கை வரவில்லை. என் ஸ்க்ரூடிரைவர்களும் வீட்டில் பொட்டு வைத்துக்கொண்டு அப்படித்தான் உட்கார்ந்திருந்தன.

"எடுக்கக் கூடாது," என்று தாடையைத் தடவினார். "எடுக்காமலே ஓட வைக்க முடியுமாப்பா?"

அவரே நாற்காலியில் ஏறி மோடத்தை இறக்கினார். ஜங்ஷன் பாக்ஸை இழுத்து வந்தார். பூ நகராமல் பின்பக்கமாக ஒயரைச் சொருகினேன். பச்சை விளக்கு வந்தது. போனில், "வந்துடுச்சுண்ணா!" என்று அந்தப் பெண் போட்ட கூச்சலில், "என்னடி ஆச்சு?" என்று அவர் அம்மா கேட்டது எங்களுக்கே கேட்டது.

கிளம்பலாம் என்று பார்த்தால் சார் பலகைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். விளக்கு படபடவென்று மின்னியது, நின்றது, திரும்ப மின்னியது.

"இது எதுக்குப்பா மின்னுது?"

"அவங்க பிளானைத் திறக்கறாங்க, சேவ் பண்றாங்க. லீவு நாள், வேற யாரு இருக்கா? எல்லாம் அவங்க வேலைதான்."

"தினமும் இப்படித்தான் மின்னுச்சா?"

"ஆமா சார்."

அவர் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். வீட்டிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள். "வேலை நடந்துக்கிட்டிருக்கு," என்று வைத்துவிட்டார். நானும் மிச்சமிருந்த பொரியைக் கொறித்துக்கொண்டு, வீட்டில் வடை ஆறிப்போகிறதே என்ற வயிற்றெரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் தாண்டி விளக்கு மின்னுவது நின்றது. கொஞ்ச நேரத்தில் சாரின் போன் அடித்தது.

"பிளான் முடிச்சிட்டேன் சார். நாளைக்கு எத்தனை மணிக்கு வந்து உங்களைப் பாக்கணும்?"

சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ எதுக்கும்மா வரணும்? நாளைக்குப் பேச ஒண்ணும் இல்ல. போய் அம்மாவுக்குச் சாப்பாடு குடு."