பூட்டு சார் பலகை இல்லாமல் போன நாள்

சாலைப் பிரிவு ஆய்வாளருக்கு அலுவலகத்தில் ‘பூட்டு சார்’ என்றுதான் பெயர். பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் மனிதர் எங்கிருந்தும் கிளம்பியதில்லை. கடையில் எடை போட்டு வாங்கிய தக்காளியை வீட்டில் மறுபடி எடை போடுவார். தலைவலி என்று மனைவி படுத்தபோதுகூட “நிஜமாவா?” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர். புகார் கொடுக்கிறவர்கள் பாதிக்குப் பாதி கதை அளக்கிறார்கள் என்பது இருபத்திரண்டு வருஷ வேலையில் அவருக்கு ஏற்பட்ட தீர்மானம்.

அதனால் தையற்கார அம்மாளின் மூன்றாவது மனு மேசைக்கு வந்தபோது உதட்டைச் சுழித்தார். லாரி போனால் வீடே ஆடுகிறதாம். சாலையோரச் சுவரில் விரிசல் பெரிதாகிக்கொண்டே போகிறதாம். எழுந்து நடக்க முடியாத அக்காவின் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறதாம். முந்தைய இரண்டு மனுக்களுக்கும் அவரே அதிர்வுக் கருவியோடு நேரில் போய், எல்லாம் அளவுக்குள்தான் இருக்கிறது என்று எழுதிக் கோப்பை மூடியிருந்தார்.

“ஓசியில சுவரைப் பூசிக்க நம்ம தலையில மிளகாய் அரைக்கப் பாக்குது அந்தம்மா,” என்றார் ஓட்டுநரிடம்.

போனார். எப்போதும் போல முறைப்படிதான் போனார். வாசலில் அலுவலக வண்டி நின்றது. நூறடி முன்னால் ஓட்டுநர் மஞ்சள் பலகையை நிறுத்தினார்: ‘ஆய்வு நடைபெறுகிறது. மெதுவாகச் செல்லவும்.’ ஒரு மணி நேரத்தில் ஏழு லாரிகள் போயின. கருவியின் முள் அசைய மனமில்லாமல் கிடந்தது.

“நீங்க வந்தா மட்டும் அடங்கிடுது சார்,” என்றாள் தையற்கார அம்மாள்.

“அப்படித்தான்மா எல்லாரும் சொல்றாங்க.”

இருந்தாலும் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டினார். சுவர் நகர்ந்தால் அது உடையும். அவள் கண்ணாடியை மாற்றி ஏமாற்றிவிடக் கூடாதே என்று அதன்மேல் தன் கையெழுத்தையும் போட்டார்.

“ஒரு வாரம் கழிச்சு வர்றேன். சுத்தியலை மட்டும் பக்கத்துல கொண்டு போகாதீங்க.”

அவள் முகம் சுண்டிப்போனது. கட்டிலில் இருந்த அக்கா அவரையே பார்த்தாள்.

மூன்றாம் நாளே, யாரிடமும் மூச்சு விடாமல், பஸ் ஏறிப் போய்க் கதவைத் தட்டினார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பது எண்ணம். உள்ளே போனால் கண்ணாடி இரண்டாகக் கிடந்தது. அவர் கையெழுத்தின் நடுவில் உடைந்திருந்தது.

“யார் தட்டுனது?”

“உக்காந்து நீங்களே பாருங்க,” என்று தையற்கார அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

வேண்டா வெறுப்பாக உட்கார்ந்தார். சற்று நேரத்தில் தூரத்தில் ஒரு லாரிச் சத்தம் கேட்டது. உடனே அக்கா கண்ணை இறுக மூடினாள், வாயையும் மூடினாள். வாசலுக்கு நேரே இருந்த பள்ளத்தில் லாரி வேகம் குறையாமல் விழுந்து எழுந்தது. நாற்காலி அவரைத் தூக்கிப் போட்டது. மேசையில் இருந்த டம்ளர் நகர்ந்தது. விரிசலிலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்து அக்காவின் நெற்றியிலும் இமையிலும் கொட்டியது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. தங்கை வந்து முந்தானையால் துடைத்த பிறகுதான் திறந்தாள். தினமும் பல தடவை செய்து பழகிப்போனவர்கள் செய்கிற மாதிரி இருந்தது.

பூட்டு சார் நாற்காலியை விட்டு எழுந்தார். இதை யாரும் நடிக்க முடியாது. பிறகு எதுதான் மாறியது? ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தார். வண்டி இல்லை, பலகை இல்லை. அடுத்த லாரியும் பறந்து வந்துகொண்டிருந்தது.

சட்டையை மடித்துவிட்டு, “அந்தப் பக்கம் பிடிங்கம்மா,” என்றார். இருவருமாகக் கட்டிலை உள்ளறைக்குத் தள்ளினார்கள்.

“நான் வர்றப்பல்லாம் மெதுவாப் போகச் சொல்லிப் பலகை வச்சேன்மா. அதான் ஆடல. இன்னைக்கே பள்ளத்தை அடைக்கச் சொல்றேன், லாரியை வேற வழியில விடவும் எழுதறேன்.”

அக்கா அன்றுதான் முதல் தடவையாக அவரிடம் பேசினாள்.

“மத்த வீடுகளுக்குப் போனப்பவும் பலகை வச்சீங்களா தம்பி?”

அவர் கட்டில் சட்டத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

“எல்லா வீட்டுக்கும் வச்சேன்க்கா,” என்றார்.