அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு?

எங்கள் அப்பா யாழ்ப்பாணத்தில் வயல் செய்யும் ஒரு கமக்காரக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். தாய் தகப்பனை இளவயதிலேயே இழந்து, தம்பியைத் தானே வளர்த்தவர். அந்தத் தம்பிதான் எங்கள் சித்தப்பா. போர் துரத்த இருவரும் ஒன்றாகவே ஜேர்மனிக்கு வந்து, அகதி முகாமில் ஒரே அறையில் இருந்து, பிறகு வுப்பர்டால் நகரில் குடியேறினார்கள்.

அப்பாவால் ஓரிடத்தில் இருக்க முடியாது. சாப்பிடும்போதுகூட எழும்பிப் போய் எதையாவது பார்த்துவிட்டு வருவார். உணவகத்தில் கோப்பை கழுவித் தொடங்கியவர், பிறகு பலசரக்குக் கடை திறந்தார். வெண்டிக்காயை ஒடித்துப் பார்க்கும் எவரையும் ஏசமாட்டார். ஒடிந்த காயெல்லாம் எங்கள் வீட்டுக் குழம்புக்கு வந்துவிடும். வெண்டிக்காய் தின்றே வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

கடை இருந்த கட்டடம் விலைக்கு வந்தபோது சகோதரர் இருவரும் சேர்ந்து வாங்கினார்கள். அப்பாவின் வதிவிட அனுமதி அப்போது இழுபட்டுக்கொண்டிருந்ததால் சித்தப்பாவின் பெயரில் மட்டுமே பதிந்தார்கள். பாதி அப்பாவுடையது என்று சித்தப்பாவிடம் ஒரு எழுத்து வாங்கிவைக்கும்படி அம்மா சொன்னார்.

"என்ன கதை கதைக்கிறீர்? ஒரு வயித்தில பிறந்தனாங்கள். எழுத்துக் கேட்டால் அவன் என்ன நினைப்பான்?" என்றார் அப்பா.

காலம் போனது. கட்டடத்தை வேறொருவருக்கு விற்கப்போவதாகவும், கடையைக் காலி செய்யும்படியும் சித்தப்பாவின் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. அவருடைய பிள்ளைகளின் அவசரமோ, வேறென்ன நெருக்கடியோ, நான் அறியேன். அப்பாவுக்கு அதை மொழிபெயர்த்தவள் நான். அதில் அவரை வாடகைக்காரர் என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லைத் தாங்கமுடியாமல்தான் அப்பா நீதிமன்றம் போனார். பாதி என்ற பேச்சே இருக்கவில்லை என்று சித்தப்பா அங்கே சொன்னார். இரண்டு நீதிமன்றங்களிலும் தோற்றோம். நிலம், கட்டடம் என்றால் இந்த நாட்டில் நொத்தாரிசு என்ற பத்திரம் எழுதும் அதிகாரி முன் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும், வாய்ச்சொல் செல்லாது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் மேலான கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு மேன்முறையீட்டுக்குப் போக வழி விட்டார்கள்.

அப்பா புதிதாகக் கோட் சூட் வாங்கி, மடிப்புக் கலையாமல் மினுக்கி மாட்டிவைத்தார். நீதிபதிக்குச் சொல்ல வேண்டியதை வேனில் மரக்கறி ஏற்றும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தார். எங்கள் வழக்கறிஞர்தான் விளக்கினார்: அங்கே சாட்சி கேட்பதில்லை, கீழ் நீதிமன்றங்கள் சட்டத்தைச் சரியாகப் பார்த்தனவா என்பதை மட்டும் பார்ப்பார்கள், நீங்கள் வரவே தேவையில்லை.

"அப்ப என்ர கதையை ஆர் பிள்ளை கேக்கிறது?" என்று அப்பா என்னிடம் கேட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

விசாரணைக்கு முன்பே, ஒரு காலை கடையைத் திறந்துகொண்டிருந்தபோது, மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

தகனசாலைக்குச் சித்தப்பா வந்தார். எங்களோடு கதைக்கக் கூடாது என்று அவருடைய வழக்கறிஞர் சொல்லியிருந்தாராம். வாய்க்கரிசி போட உறவினரை அழைத்தபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "செத்தவீட்டில பகை பாக்கிறேல்லை அம்மா, அவரும் போடட்டும்" என்றேன். அரிசியைக் கையில் எடுத்தவர், போடமுடியாமல் நின்று குழறி அழுதார்.

"அண்ணை! பாதி உங்களுக்கெண்டு சொல்லித்தானே வாங்கினனாங்கள்! நான் இல்லையெண்டு சொல்லிப்போட்டனே, அண்ணை!"

மண்டபம் முழுவதும் கேட்டது.

மறுநாளே வழக்கறிஞரை அழைத்தேன். கூட்டாட்சி நீதிமன்றம் புதிய சாட்சியத்தை எடுக்காது என்றார். இத்தனை பேருக்குக் கேட்டது சட்டத்துக்குக் கேட்காதாம்! வழக்கைத் தொடர்வதா, விடுவதா என்று வாரிசுகள் நாங்கள் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து நானும் அப்பாவைப்போலவே சாப்பாட்டிலிருந்து எழும்பி எழும்பி நடக்கிறேன்.

அப்பாவின் இந்த நினைவு மலரில் வழக்கை எழுதாதே என்று பெரியவர்கள் சொன்னார்கள். பொறுத்தருளுங்கள். அப்பாவின் கதையைச் சொல்ல எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

செய்தி கேட்டு ஓடிவந்தவர்களுக்கும், நாள்தோறும் சமைத்து அனுப்பியவர்களுக்கும், கடை வாசலில் பூ வைத்துப்போன ஜேர்மன் அயலவர்களுக்கும், கிரியைகளை நடத்தித்தந்த குருக்கள் ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சித்தப்பா, உங்களுக்கும் நன்றி. அப்பா கேட்க ஏங்கிய சொல்லை, பிந்தினாலும், அவர் முன்னால் நின்று சொன்னீர்கள். அடுத்த கிழமை நொத்தாரிசைச் சந்திக்க நாள் குறித்து ஒரு டேர்மின் எடுத்திருக்கிறேன். அதுவரை வழக்கறிஞருக்குப் பதில் சொல்ல மாட்டேன். வாங்கோ சித்தப்பா. இந்த முறை எழுதி வைப்போம்.

மகள்